மதியக் காட்சியில் உன் அம்மா

அன்பு மருமகளுக்கு,

உன்னைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்ற தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அத்தை நலம், என் புகழும் நலமே. நீ எடுத்த பேய்ப்படம் இங்கே வெளியானதிலிருந்து, பம்பு ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட என்னைச் 'சாமியாரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் காட்சியில் ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தது ஒரே ஒருவர்தான் என்கிறார் டிக்கெட் கிழிப்பவர், அதுவும் மின்விசிறி ஓடாததாலாம். பொறாமை பிடித்தவர், விடு.

என் நடிப்பைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும், வெள்ளை லென்ஸ் ஒரு கண்ணுக்குத்தான் வாங்க முடிந்தது என்பதற்காக, படம் முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பி நின்று பயமுறுத்த வேறு எவனால் முடியும்? செத்த பிறகும் பிரசங்கம் செய்து ஆள் பிடிக்கும் சாமியார் என்றால் இனி நான்தான்.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். வங்கி வேலையை உதறிவிட்டுப் பேய் பிடிக்கப் போனாய் என்று எட்டு மாதமாக உன்னோடு பேசாத என் அக்காவை, நேற்று மதியக் காட்சிக்கு அழைத்துப் போனேன். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன்.

இடைவேளை வரை, "பேசாம பல்லையே புடுங்கியிருக்கலாம்டா" என்பதைத் தவிர அவள் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசிக் கட்டம். நடிகைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நீயே நடித்தாயே, சாமியார் அந்தப் பெண்ணைத் தொட்டியில் அமுக்குவது. உன் தலை சிமெண்டில் இடிக்கக்கூடாதென்று நான் அடியில் கைகொடுத்ததற்கு, "மாமா, கொல்றீங்களா, குளிப்பாட்டுறீங்களா?" என்று கத்தினாயே, அதே கட்டம். அதற்குப் பிறகு சரியாகவே கொன்றுவிட்டேன் போலிருக்கிறது. நீ மூச்சுத் திணறியதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "விடுடா அவளை, பாவி, எம்பொண்ணுடா அது" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் முதுகில் நான்கு அடி. இருநூறு பேர் கைதட்டினார்கள். உள்ளே இருந்தது இருபது பேர்தான், ஆனால் சத்தம் இருநூறுக்கு இருந்தது.

திரும்பி வரும்போது, "தொட்டித் தண்ணி சில்லுனு இருந்திருக்குமே, அவளுக்குச் சளி பிடிக்குமேடா" என்றாள். வெந்நீர் கலந்துதான் எடுத்தோம் என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இன்று காலையிலிருந்து போன் அவள் மடியில் இருக்கிறது. உன் எண்ணை எடுக்கிறாள், பார்க்கிறாள், வைக்கிறாள். அவளாகக் கூப்பிட மாட்டாள், நம் பரம்பரையே வணங்காமுடி. நீ கூப்பிடு கண்ணு. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. லேசாக இருமு, போதும். மற்றதெல்லாம் அவள் பேசிக்கொள்வாள்.

நூறு படம் எடுத்து நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்