தாழ்ப்பாள் விழுந்த அன்று

நியெகுஷி
17 ஏப்ரல் 2011

அன்பு மகள் டாரிங்காவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் எல்லோரும் நலம், மனசை மட்டும் விசாரிக்காதே. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு நட்டுவிட்டோம், மலையில் இன்னும் குளிர் விடவில்லை, நீ காதை மூடாமல் வெளியே போகாதே. நம் மாண்டினீக்ரோ செர்பியாவை விட்டுத் தனி நாடாகப் பிரிந்த வருடத்திலிருந்து உன் அப்பாவும் அண்ணன் வுகோட்டாவும் ஒரே மேசையில் சாப்பிடாததுதான் உனக்குத் தெரியுமே, போன வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள், வந்தது வினை. என்ன இனம் என்று கேட்டதற்கு அப்பா செர்பியர் என்று எழுதச் சொன்னார், அண்ணன் மாண்டினீக்ரர் என்றான், ஒரே ரத்தம், ஒரே குலப் புனிதர் விழா, இரண்டு பதில். அடுத்தது நான். முந்தின நாளே அப்பா, "ஸ்தானா, மாத்திச் சொன்னே, என் சாவுக்குக்கூட நீ அழ வரக்கூடாது" என்று சொல்லியிருந்தார். அண்ணனோ, "அந்தாளு பேச்சைக் கேட்டா எனக்கு அம்மாவே இல்ல" என்றான். நான் என்ன செய்வேன், வந்தவளுக்கு ஒரு துண்டு இறைச்சியாவது வைக்க வேண்டாமா என்று சொல்லி, பன்றித்தொடைகளுக்குப் புகை போடும் அறைக்குள் போய்விட்டேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டு, வெளித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

தட்டினேன், இருமினேன், கண்ணெல்லாம் எரிச்சல். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அப்பாடா என்று நினைத்தேன். அப்பா தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, "முதல்ல பதில் சொல்லு" என்றார். அண்ணனும், "ஆமாம்மா, சொல்லிட்டு வா" என்றான். ஐந்து வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், டாரிங்கா. எனக்கு வந்த ஆத்திரத்தில், "பதில் சொல்ல விருப்பமில்லைன்னு எழுதிக்கம்மா" என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி கத்தினேன். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அவள்தான் அவர்கள் இருவரையும் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள், பாவம், இறைச்சியைத் தொடாமலே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். என்னோடுதான் பேசுவதில்லை. நான் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறேன். இதற்காகத்தானே இத்தனை நாள் வேண்டிக்கொண்டேன், சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், உன் வயிற்றில் ஒரு பூ பூக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மணியை நிறைய நேரம் அடிக்க விடு. அவர்கள் எடுத்தால் என்னைக் கூப்பிட மாட்டார்கள், நானே ஓடி வந்து எடுக்க வேண்டும்.

உன் அம்மா
ஸ்தானா