உள்வழி

இன்று கம்பெனியில் மருத்துவ முகாம். என் முறை வந்ததும் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரே தம்மில் ஊதச் சொன்னார்கள். புது பிளாஸ்டிக் வாசனை. சட்டென்று நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

ஒன்பது வருடம் ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இருவரும் சைக்கிளில் போனோம். ஒரே தெருவில் வீடு, ஒரே மேசையில் சுவிட்ச் பூட்டும் வேலை. பஸ்ஸில் போகலாம் என்றால், "எவ காலையோ மிதிச்சிக்கினு நிக்கறதுக்கு நான் பெடலையே மிதிக்கிறேன்" என்பாய். சிக்னலில் லாரிப் புகை முகத்தில் அடிக்கும். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, அப்போதும் உன் மாமியார் பேசுவதுபோல் பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பாய்.

பிறகு இருமல் வந்தது. ஐஸ் தண்ணீர் குடித்தது என்றாய். பாலம் ஏற முடியாமல் இறங்கித் தள்ளிய அன்று, உன்னை டாக்டரிடம் இழுத்துப் போனேன். இதே மாதிரி முள் வைத்த குழாயில் ஊத வைத்துப் பார்த்தவர், "ஆஸ்துமா. தினமும் இந்தப் புகையில மூச்சு வாங்க மிதிக்கிறீங்க, அது இன்னும் கிளப்பிவிடுது" என்றார்.

"சைக்கிள உட மாட்டேன் டாக்டர். வேற இன்னா செய்யணும், சொல்லுங்கோ."

மூச்சுக்குப் பம்ப் எழுதிக் கொடுத்தார். நீயோ என் பக்கம் திரும்பி, "நீயும் ஊதுடி, உன் லட்சணத்தையும் பாப்போம்" என்றாய். ஊதினேன். முள் பாதியிலேயே நின்றது. உன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அரை மணி முன்னதாகவே வாசலில் மணி அடித்தாய்.

"மெயின் ரோடு இனிமே வாணாம். தெருத் தெருவா பூந்து உள்வழியா போலாம்."

"சுத்துடி. தூக்கம் வருது."

"உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் யார்கூட பேசிக்கினு போவேன்?"

உனக்காக எதையும் மாற்றிக்கொள்ளாதவள், எனக்காக வழியையே மாற்றினாய். முதல் வாரம் சந்து தெரியாமல் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் போய் நின்றோம். அவர்கள் கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டு, வேலைக்குத் தாமதமாகப் போய் சூபர்வைசரிடம் திட்டு வாங்கினோம்.

என் மூச்சு மெல்லத் தேறியது. இன்று முகாமில்கூட நர்ஸ், "நல்லா கீதுக்கா" என்றாள். உன் மூச்சுதான் அப்படித் திரும்பவில்லை.

போகியன்று ஊரெல்லாம் புகை. பம்ப் அடித்தும் அடங்காமல் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மாலை வந்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு நீ கேட்டாய்.

"எப்டி வந்த?"

"உள்வழியாத்தான்."

"ம்" என்று கண்களை மூடிக்கொண்டாய்.

அது பொய். பார்வை நேரம் முடிந்துவிடுமோ என்று, லாரிகளுக்கு நடுவே மெயின் ரோட்டில்தான் மிதித்து வந்திருந்தேன். மறுநாள் நீ இல்லை.

அதன்பின் எவ்வளவு அவசரமானாலும், மழையில் சந்துகளில் முழங்கால் தண்ணீர் நின்றாலும், மெயின் ரோட்டில் நான் சைக்கிளை இறக்கியதில்லை. உன்னிடம் சொன்ன ஒரே பொய் அது. மூன்று வருடமாக அதை நிஜமாக்கிக்கொண்டிருக்கிறேன்.