பொங்கல் சீரும் கோர்ட்டுத் தேதியும்

ஜூலை 1, 2024

திருப்பதி கோர்ட்டில் மனு போட்டாயிற்று. பரஸ்பர சம்மத விவாகரத்து. நானும் கிரணும் பரஸ்பரமாகச் சம்மதித்த முதல் விஷயம் இதுதான்.

கிரண் என் அத்தை மகன். சேர்ந்து மாங்காய் திருடினவனோடு குடும்பம் நடத்த வரவில்லை. அவனுக்கும்தான். இரண்டு வருடமாக அவன் திருப்பதியில், நான் சித்தூரில்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் பைக்கிலேயே கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே வண்டியில வந்து எறங்கினா ஜட்ஜ் இன்னாம்மா நினைப்பாரு? அடுத்த தபா தனித்தனியா வாங்க."

ஜூலை 7

வெதுருகுப்பம், அப்பா வீடு. நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே எந்த மொகத்த வெச்சிகினு என் தங்கச்சி வூட்டுக்குப் போவேன்? பொங்கலுக்குச் சீரு கெடையாது."

அத்தைக்குக் கல்யாணமானதிலிருந்து ஒரு பொங்கலுக்கும் சீர் நின்றதில்லை. நாங்கள் பிரியலாம். எங்களால் அண்ணனும் தங்கையும் பிரிந்தால்?

ஆகஸ்ட் 18

பிச்சாட்டூரிலிருந்து அத்தை போன். திட்டியிருந்தால் பரவாயில்லை, அழுதாள். "எங்கண்ணன் போன எடுக்க மாட்டன்றான்டி."

அக்டோபர் 20

கிரணிடம் புலம்பினேன். "நான் பாத்துக்கறேன்" என்றான். பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுகிற வீரன்.

ஜனவரி 6, 2025

ஜட்ஜ் தெலுங்கில் கேட்டார், இருவரும் யோசித்துத்தான் வந்தீர்களா என்று. ஒரே குரலில் "அவுனண்டி" என்றோம். முடிந்தது.

வெளியே வந்ததும் அழுகை. ஏன்? நான் கேட்டதுதானே கெடச்சுது, அப்புறம் எதுக்குடி அழுவுற? கிரண் கர்சீப் தேடினான். வழக்கம்போல் கொண்டுவரவில்லை.

ஜனவரி 11

அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிரண் நேராக நைனா எதிரில் போய் நின்றானாம். "மாமா, எனக்குப் பொண்ணு பாக்கணும். தாய்மாமன் நீ முன்ன நிக்காம எவன் குடுப்பான்? இந்தத் தபா மட்டும் சொந்தத்துல வேணாம்."

நைனா துடைப்பத்தைத் தேடினாராம். கிடைக்கவில்லை. "துன்னுட்டுப் போடா" என்றாராம்.

ஜனவரி 13, போகி

காலையில் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுச் சேலையோடு நைனா கிளம்பினார். "எந்த மொகத்தோட போற நைனா?" என்று சீண்டினேன்.

"வாயாடி. வந்து கரும்பப் புடி."

புத்தூரில் பஸ் மாறிப் போனோம். அத்தை வாசலுக்கு ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. பின்னாலிருந்து கிரண் வந்து என்னிடம் கரும்பை வாங்கிக்கொண்டான்.

"வா, மாமா பொண்ணே" என்றான். கல்யாணத்துக்கு முன்பு அப்படித்தான் கூப்பிடுவான்.