இடுப்புப் பையில் ஒரு பற்சக்கரம்

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

குழந்தைகள் பேனாவை நுழைத்துச் சுற்றிச் சுற்றிப் பூ வரைகிற பிளாஸ்டிக் பற்சக்கரங்களை இங்கே பிசிறு சீவி, கழுவித் துடைத்து, பெட்டியில் அதனதன் குழியில் பதிக்கிறோம். நேற்று ஒரு பெட்டியில் சின்னச் சக்கரத்தைக் காணோம். "எடுத்தது யாருன்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். போன மாதம் அவர் சிரித்த அன்றே ஒருத்தியை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினால், பத்திரத்துக்கென்று அதன் உள்பக்கம் நீங்கள் தைத்துக் கொடுத்த இடுப்புப் பையிலிருந்து அந்தச் சக்கரம் உருண்டது. மடியில் போட்டுத் துடைக்கும்போது நழுவியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நேற்று வெளியே வரும்போது தடவியவர்கள் கைக்கு எப்படியோ தட்டுப்படவில்லை. உள்ளே போகும்போதும் பையைத் தடவிப் பார்ப்பார்கள். அதனால் நாக்குக்கடியில் வைத்துக் கொண்டுபோய்க் கழுவுகிற தொட்டியில் போட்டுவிடுவேன். வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் குத்துகிறது, அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த சட்டைக்குப் பை வேண்டாம் அம்மா. இந்தப் பையின் வாயைத் தைத்து மூட வெள்ளை நூல் கொஞ்சம் அனுப்புங்கள். வண்டி வந்துவிட்டது. வாசலில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்ளுங்கள். இது உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் வேண்டிக்கொள்ளுங்கள்.