விருந்தறையில் வெயில்

ஜனவரி 8, ஸல்த் நகரம்

என்ன குளிர் இது! என் கணவர் அபூ தலாலுக்கு முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் கணப்பை விட்டு நகர்வதில்லை. நகராட்சியின் வீட்டு எரிபொருள் சிக்கனத் திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுத் தருவார்களாம்.

ஜனவரி 11

திட்டத்திலிருந்து பொறியாளர் வந்தாள். ரவான் என்று ஒரு வாயாடிப் பெண்; வந்ததுமே என்னைக் காலா, அதாவது சித்தி, ஆக்கிக்கொண்டாள். நாங்கள் முடங்கிக் கிடக்கும் வடக்கு அறையைப் பார்த்தாள், சுவரைத் தடவினாள், உச்சுக் கொட்டினாள். பிறகு நேராக விருந்தறைக்குப் போனாள். அது விருந்தாளிகளுக்கு என்று சொல்லச் சொல்ல, மூன்றடுக்குத் திரையையும் இழுத்துவிட்டாள். என் நீல வெல்வெட் சோபாக்கள் மேலெல்லாம் வெயில்!

"காலா, வீட்டுலயே வெயில் வர்ற ஒரே அறை இதுதான். இதைப் பூட்டி வெச்சுட்டு அங்கே எண்ணெயை எரிக்கிறீங்களே!"

"வெல்வெட் வெளுத்துடும்மா."

"மாமா வெளுத்தா பரவாயில்லையா?"

அபூ தலால் இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணாடி வர அடுத்த மாதம் ஆகுமாம், அதுவரை பகலில் இங்கேயே இருங்கள் என்றாள். நடக்கிற காரியமா?

ஜனவரி 12

கோபம் இன்னும் ஆறவில்லை. விருந்தறையில் பருப்புத் தட்டும் காலுறையும் கிடக்க, திடீரென்று நாத்தனார் வஜீஹா வந்து நின்றால்? என் காப்பிக் கோப்பையில் கீறல் இருந்ததையே ஊர் முழுக்கச் சொன்னவள். முடியாது. முடியவே முடியாது.

ஜனவரி 15

கடைக்குப் போய்த் திரும்பினால் வடக்கு அறை காலி. கணப்பு அணைந்திருக்கிறது. தேடிப் போனேன் — விருந்தறையில், வெறும் தரையில், கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனது.

"சோபாவைத் தொடல, சத்தியமா!"

அழுகை வந்துவிட்டது. சொந்த வீட்டில் ஒரு மனுஷன் சோபாவுக்குப் பயந்து தரையில்... இல்லை, எனக்குப் பயந்து. அழுகையை மறைக்கக் கத்தினேன்: "தரையில குந்தினா முட்டி இன்னும் பிடிச்சுக்காதா? மேல ஏறி உட்காருங்க!"

ஜனவரி 16

கல்யாணமான நாளிலிருந்து கிடந்த பிளாஸ்டிக் உறைகளை உருவினேன். வெல்வெட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!

ஜனவரி 30

கேன் மண்ணெண்ணெய் இன்னும் பாதி மிச்சம். அபூ தலால் இன்று பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வந்தார். ரவானைக் கூப்பிட்டுச் சொன்னால், "சோபா எப்படி இருக்கு காலா?" என்கிறாள் போக்கிரி.

பிப்ரவரி 9

சொல்லாமல் கொள்ளாமல் வஜீஹா வந்தாள், இரண்டு மருமகள்களோடு. நேராக விருந்தறைப் பக்கம் திரும்பினாள். நான் கதவை மறித்து நின்றேன். உள்ளே அவர் காலை நீட்டி, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

"என்ன உம்மு தலால், உள்ளே எங்களை விடப் பெரிய விருந்தாளியா?"

"ஆமா. மெதுவாப் பேசுங்க, தூங்குறார்."

மூவரையும் வடக்கு அறைக்குக் கூட்டிப் போனேன். வஜீஹா கோட்டைக் கழற்றாமலே காப்பி குடித்தாள்.