அறைக்கு ஒரு படிகாரக் கட்டி

அக்கா,

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சலூனில் இலவச ஆணுறைப் பெட்டியை நிரப்பப் போயிருந்தேன். இப்போது அதுதான் என் வேலை. சவரம் முடிந்த ஒருவர் கன்னத்தில் சின்னக் கீறல். கடைக்காரர் படிகாரத்தை நனைத்துத் தேய்த்ததும், "எரியுதுய்யா, மெதுவா" என்று பல்லைக் கடித்தார் அந்த ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. நீ ஒவ்வொரு ஆளும் போன பிறகு அதே படிகாரத் தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்தவனுக்குக் கதவைத் திறந்தாய்.

நாம் தொழில் செய்த விழுப்புரம் லாட்ஜில் குளியலறைக்கு ஒரு கட்டி வைத்தவர் மேனேஜர். "இத கரைச்சி கழுவிக்கினா எந்தச் சீக்கும் ஒட்டாது. காண்டம் கீண்டம் கேட்டீங்கன்னா பார்ட்டி கோச்சிக்கினு போயிடுவான்" என்பார். நீ அதை நம்பி எனக்கும் பழக்கினாய். "எரியுதா? எரிஞ்சாத்தான்டி கிருமி சாவும்" என்பாய். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அடிவயிறு வலித்து, வெள்ளைப்பட்டு, நாற்றம் வந்தபோது இன்னும் கெட்டியாகக் கரைத்துக் கழுவினாய். எச்.ஐ.வி. என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, "நான் தெனமும் கழுவினேனேடி, எப்படி வந்துச்சு?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய்.

நீ செத்துப்போன பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் அதற்குப் பதில் தெரிந்தது. படிகாரம் உள்தோலை உலர்த்திப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியே நோய் சுலபமாக ஏறும். உள்ளே கழுவவே கூடாதாம், ஆணுறைதான் காப்பு. அத்தனை நாளும் நீ எரிச்சல் தாங்கியது நோய்க்கு வழிவிடத்தான். அங்கேயே மேனேஜரைப் பழிவாங்குவது என்று முடிவெடுத்தேன்.

போலீசுக்குப் போனால் முதலில் நம்மைத்தான் பிடிப்பார்கள். அதனால் தொழிலுக்கு வரும் ஒவ்வொருத்தியிடமும் பேசினேன். ஒருத்தியும் அந்த லாட்ஜுக்குப் போகவில்லை. கடைசியில் அவரே தேடி வந்தார்.

"இன்னாம்மா, பொழப்புல மண்ண போடுற?"

"படிகாரத்த எல்லாம் நீங்களே பொறுக்கி வெளிய போடுங்க. புதுசா வர்ற பொண்ணுக்கெல்லாம் உங்க வாயாலயே சொல்லணும். அப்பத்தான் வருவாங்க."

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் புதிதாக ஒருத்தி வந்தால் எனக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். நான் போய் மேனேஜர் எதிரில் உட்காருவேன். நீ கடைசியாகக் கரைத்து மிச்சம் வைத்த துண்டு என் பையில்தான் இருக்கிறது. அதை எடுத்து அவர் கண்ணில் படும்படி மேஜைமேல் வைப்பேன். "உள்ள கழுவாதம்மா, புண்ணாயிடும். காண்டம் இல்லாம எவனையும் சேக்காத" என்று அந்தப் புதுப் பெண்ணிடம் குனிந்தபடி முணுமுணுப்பார். "காது கேக்கல சார், இன்னொரு தபா சொல்லுங்க" என்பேன்.

தலை நரைத்துவிட்டது அவருக்கு. போன வாரம் கேட்டார், "எத்தினி வருசம்மா இத சொல்ல வெப்ப?"

"அக்கா வந்து போதும்னு சொல்ற வரைக்கும் சார்" என்று துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ அவசரப்படாதே, அக்கா.