த. பரசுராமன், து. பரசுராமன்

3 நவம்பர் 2025, திங்கள்

இன்று கடையில் இருந்தவர்கள்: மகன் ஸ்டீபன். பில் போடும் மெர்சி. சென்னையிலிருந்து வந்த ஜெகன். பேத்தி ஸ்நேகா (போனுக்குள் இருந்தாள், ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன்). கன்னியம்மாவாகிய நான். தண்ணீர் கேன் போட வந்தவர் பாதியில் போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. பிறகு யாரும் ‘நான் அங்கே இல்லையே’ என்று சொல்லக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஸ்டீபன் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. மெயில், ஃபைல் வைக்க இடம், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏஐ. சென்னையில் பெரிய ஏஜென்டிடம் மொத்தமாக வாங்கி, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று விற்கிறான். மாத நடுவில் ஆள் சேர்வார்கள், ஆள் போவார்கள். அதைப் போனில் சொல்வார்கள். போனை எடுப்பது நான். எழுதிக்கொள்வதில்லை, எனக்கு அது தேவையில்லை.

மாதக் கடைசியில் மெர்சி கேட்பாள். “ஆயா, வால்வு கம்பெனியில எத்தினி பேரு கொறஞ்சாங்க?”

“ரெண்டு பேரு. பதினோராம் தேதி. சொன்னது அந்த மூக்கடைச்ச குரல்காரன்.”

நான்கு வருடமாக பில் இப்படித்தான் போகிறது.

ஜெகன் கொண்டுவந்த சாஃப்ட்வேர் இனி எல்லாவற்றையும் தானே செய்யுமாம். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று தானே பார்த்து, தானே பில் அனுப்பி, பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் தானே நிறுத்திவிடுமாம்.

“அதுக்கு மறதியே கெடையாதும்மா” என்றார்.

“எனக்கும்தான்” என்றேன்.

சிரித்தார். ஏன் என்று தெரியவில்லை.

6 நவம்பர்

பழைய பட்டியலைப் புதியதில் ஏற்றுகிறார்கள். மெர்சி கேட்டாள். “ஆயா, டி. பரசுராமன்னு ரெண்டு தபா வருது. ஒரே ஆளா, ரெண்டு ஆளா? மிஷின் கேக்குது.”

இரண்டு ஆள். து. பரசுராமன், துளசிராமன் மகன், கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஃபவுண்டரி வைத்திருக்கிறார், நல்ல மனிதர். த. பரசுராமன், தணிகாசலம் மகன், ஆர்.கே.பேட்டையில் ரைஸ்மில். தமிழில் த வேறு, து வேறு. இங்கிலீஷில் இரண்டும் டி.

ரைஸ்மில்காரன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்டாள். ரோட்டில் ஒரு லாரி போயிற்று. ‘ஒரே ஆள்’ என்று அழுத்திவிட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

7 நவம்பர்

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் நான் மன்னிக்காதவர்களின் பட்டியல் இருக்கிறது. பதினொரு பேர். முதல் பெயர் ரைஸ்மில்காரனுடையது. எழுதத் தடையில்லை, சொல்லத்தான் மாட்டேன்.

1969, நாலாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை மத்தியானம். சாருடைய மேசைமேல் இருந்த உலக உருண்டையை உடைத்தவன் அவன். பக்கத்தில் நின்றவள் நான். “யாரு ஒடச்சது?” என்று சார் கேட்டார். அவன் சுவரைப் பார்த்தான். பொய்கூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தான், அவ்வளவுதான். அவர்கள் நிலத்தில்தான் எங்கப்பாவுக்குக் கூலி, எதிர்த்து என்ன கேட்பார்? அடி எனக்கு விழுந்தது. திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் இல்லை, களையெடுக்கப் போனேன்.

1 டிசம்பர்

பில் எல்லாம் தானாகப் போயிற்று. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

3 டிசம்பர்

காலை பத்தே காலுக்குப் போன்.

“ஹலோ, நான் ரைஸ்மில்லு பரசுராமன் பேசறேன். நாலே நாலு மெயிலு வச்சிக்கினு கீறேன். ஏஐ கிட்ட நாப்பத்தோராயிரம் கேள்வி கேட்டேன்னு பில்லு வந்துகீது. நெல்லு இன்னாத்தம்மா கேக்கும் அதான்ட?”

அது ஃபவுண்டரியின் கணக்கு. வரைபடம் படிக்க அவர்கள்தான் நாள் முழுக்கக் கேட்பார்கள். எனக்குத் தெரியும்.

“மிஷினு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

“நான் கட்ட மாட்டேன்.”

“கட்டாதீங்க.”

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் டீ குடித்தேன். நன்றாக இருந்தது.

10 டிசம்பர்

மறுபடி அதே நம்பர். எடுக்கவில்லை. மெயிலும் போட்டிருப்பான். ‘தங்கள் புகார் பெறப்பட்டது’ என்று மிஷினே பதில் போட்டிருக்கும்.

16 டிசம்பர், செவ்வாய்

பதினைந்து நாள் முடிந்தது, மிஷின் நிறுத்திவிட்டது. அதற்கு இரண்டு பரசுராமனும் ஒரே ஆள். ரைஸ்மில்லோடு ஃபவுண்டரியும் நின்றுவிட்டது.

அங்கே இன்று, அவர்களிடம் சரக்கு வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்திருந்தார்களாம். அறுபது பேருக்கு மெயில் இல்லை. ஒரு வரைபடமும் திறக்கவில்லை. வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நல்ல மனிதர் போனில் கத்தி இன்றுதான் கேட்டேன். “ஸ்டீபன், எனக்கு பில்லே வரல. புதுசா மாத்துறீங்க, லேட்டாவும்னு இருந்தேன். நீ எப்டி கட் பண்ணுவ?”

ஸ்டீபன் மெர்சியிடம் வந்தான்.

“ரெண்டு பேரையும் ஒண்ணா சேத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“யாரையாவது கேட்டியா?”

மெர்சி என்னைப் பார்த்தாள். “இல்ல சார்” என்றாள்.

17 டிசம்பர்

மெர்சியை நிறுத்திவிட்டான். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். புருஷன் தாவீதுக்கு அக்டோபரிலேயே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. இந்த வயிற்றோடு போனால் யார் வேலை கொடுப்பார்கள்? டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். “வரேன் ஆயா” என்றாள்.

18 டிசம்பர்

ஏன் ‘இல்லை’ என்று சொன்னாள்?

20 டிசம்பர்

சோறு இறங்கவில்லை. புது அரிசி, அதனால் இருக்கும்.

22 டிசம்பர்

அரிசி இல்லை.

ஸ்டீபன் கேட்டபோது நான் எங்கே பார்த்தேன்? சுவரை. வேறு எங்கேயும் இல்லை— சுவரைத்தான் பார்த்துக்கினு இருந்தேன். ஒரு பொய் சொல்லல. சும்மா இருந்தேன், அவ்ளோதான். அய்யோ, அவ்ளோதானே அவனும் பண்ணான்—

பதினோரு மணிக்கு ஸ்டீபனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏம்மா சொல்லல?”

“அம்பத்தாறு வருஷம்டா.”

“அதுக்கு மெர்சி இன்னா பண்ணுவா?”

இரண்டு பேரும் ஆட்டோவில் மெர்சி வீட்டுக்குப் போனோம். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தாள், லைட் போடவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சின்னு நெனச்சேன் ஆயா. சார்கிட்ட சொன்னா உங்கள போன் எடுக்க வுட மாட்டாரேன்னுதான் சொல்லல.”

ஸ்டீபன் திரும்ப வரச் சொன்னான்.

“வேணாம் சார். ஒரு வார்த்த வெசாரிக்காம அனுப்பிட்டீங்க இல்ல.”

டீ கொடுத்தாள். குடித்தேன். வேறு என்ன செய்ய?

26 டிசம்பர்

ஸ்டீபன் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. ஃபவுண்டரிக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தானாம். இதுகூட ஸ்நேகா சொல்லித்தான் தெரியும்.

30 டிசம்பர்

ரைஸ்மில்காரன் நேரில் வந்தான். திருத்திய பில்லை ஸ்டீபன் அவனிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டான். வந்தவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நீ வேலாயுதம் பொண்ணு கன்னிமா இல்ல? நாலாங்கிளாசுல நல்லா படிப்பியே. திடீர்னு இன்னாத்துக்கு நின்னுட்ட?”

அவனுக்கு ஞாபகமே இல்லை. அத்தனை வருடமும் நான் ஒருத்திதான் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“டீ குடிக்கிறீங்களா பரசுராமன்?” என்றேன்.

5 ஜனவரி 2026, திங்கள்

மெர்சி ஃபவுண்டரியில் சேர்ந்துவிட்டாள். வெளியிலிருந்து வரும் பில்களைச் சரிபார்க்கும் வேலை. பிரசவத்துக்கு லீவும் உண்டு என்று சொல்லித்தான் அந்த நல்ல மனிதர் எடுத்தாராம். முதல் நாளே நமக்கு மெயில் போட்டிருக்கிறாள்: ‘எங்கள் ஃபவுண்டரி பில்லில் இரண்டு ஆள் அதிகம்.’ ஸ்டீபன் என்னிடம் கேட்டான். “இருபத்தாறாம் தேதி கொறைக்கச் சொன்னாங்க. நீ என்னோட பேசல, நான் சொல்லல” என்றேன்.

சாஃப்ட்வேரில் ஸ்டீபன் ஒரு புதுக் கட்டம் சேர்க்கவைத்திருக்கிறான். தகப்பன் பெயர், தமிழில், முழுதாக.

டைரியின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பெயரையும் ஸ்கேல் வைத்து அடித்தேன். கீழே ஒன்று மட்டும் எழுதினேன். வெறும் இனிஷியல் போட்டால் நாளைக்கு வேறு யாரோடாவது சேர்த்துவிடுவார்கள் என்று முழுதாகவே எழுதினேன்.

வேலாயுதம் மகள் கன்னியம்மா.